கையெழுத்து வைக்க முதல்

எமது கிராமங்களில் இன்று மோட்டார் சைக்கிள் இல்லாத வளவு குறைவு. 2009 ஆம் ஆண்டு யுத்தம் முடிந்து முகாம்களிலிருந்து ஊர் திரும்பிய நாட்களில் ஒரு பழைய சைக்கிள் கிடைத்தாலே பெரிய காரியமாக இருந்தது. பின்னர் வீதிகள் காப்பெட் வீதிகளாகின. லீசிங் கொம்பனிகள் நகரங்களில் கிளை திறந்தன. கணவனை இழந்தவர்களும், கணவன் எங்கே என்று இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்களும் மாதத் தவணைக்கு ஒரு ஸ்கூட்டியை எடுத்தார்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, ஆடைத் தொழிற்சாலைக்கோ தோட்டத்துக்கோ வேலைக்குப் போய், வரும் வழியில் மாட்டுக்குத் தவிடும் வாங்கிக்கொண்டு பொழுதுபட முதல் வீடு திரும்ப அந்த வண்டி உதவுகிறது. ஒருவரிடமும் போய் "என்னை ஏத்திக்கொண்டு போய் விடுறியளோ" என்று கேட்கத் தேவையில்லை என்பதே எங்கள் பெண்களுக்குப் பெரிய ஆறுதல்.

வண்டியோடு விபத்தும் வந்தது. ஏ-9 வீதியிலும் பரந்தன் - முல்லைத்தீவு வீதியிலும் டிப்பர்கள் விரைகின்றன. இரவில் மாடுகள் தார்ச்சூட்டுக்கு வீதியிலேயே படுத்துக்கிடக்கின்றன. ஒழுங்கையிலிருந்து ஏறும் வாகனங்கள் நின்று பார்ப்பதில்லை. விபத்தில் காயப்பட்ட பெண்களோடு வைத்தியசாலை வார்ட்டிலும், பொலிஸ் நிலைய வாங்கிலும், நீதிமன்ற வளவிலும் பல நாட்கள் காத்திருந்திருக்கிறேன். அங்கெல்லாம் நான் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்று. முறிந்த எலும்பு சில மாதங்களில் பொருந்திவிடுகிறது. முதல் நாட்களில் வாசிக்காமல் வைத்த கையெழுத்தும், பயத்தில் சொன்ன பொய்யும், கவனியாமல் விட்ட திகதியும் செய்த நட்டம் பொருந்துவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வார்ட்டுக்கு வந்த கடுதாசி

கிளிநொச்சி மாவட்டத்தில் ஓர் அக்கா. கணவர் 2009 இல் ஷெல் விழுந்து இறந்துபோனார். இரண்டு பிள்ளைகள், மூன்று பசுக்கள். விடியப்புறம் பால் கறந்து, கானை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு பால் சேகரிக்கும் நிலையத்துக்குப் போவார். ஒருநாள் காலை ஒழுங்கையிலிருந்து ஏறிய சிறிய லொறி ஒன்று அவரை அடித்து விழுத்தியது. கீழ்க்கால் எலும்பு இரண்டும் முறிந்தன.

மூன்றாம் நாள் லொறி உரிமையாளர் தோடம்பழமும் மாப்பேணியும் வாங்கிக்கொண்டு வார்ட்டுக்கு வந்தார். மரியாதையான மனிதர்தான். பழப் பையோடு 25,000 ரூபாவும் தட்டச்சில் அடித்த ஒரு கடுதாசியும் கொண்டுவந்திருந்தார். 'இத்துடன் இவ்விபத்து சம்பந்தமான சகல பிரச்சினைகளும் தீர்ந்தன. இனிமேல் எவ்வித உரிமைக்கோரிக்கையும் செய்யமாட்டேன்' என்று அதில் இருந்தது. நான் போனபோது அக்காவின் கையில் பேனை இருந்தது.

"வாசிச்சனீங்களோ அக்கா?" என்று கேட்டேன்.

"வாசிச்சு என்ன மிஸ்? முகாமில பதிஞ்சவை, சைன் வைச்சன். ஆணைக்குழு எண்டு வந்தவை, சொன்னன், சைன் வைச்சன். வீட்டுத்திட்டத்துக்கு வைச்சன். எத்தினை இடத்தில வைச்சன் எண்டு எனக்கே தெரியாது. ஒண்டிரண்டுக்குத்தான் மறுமொழி வந்தது. இவர் கையில காசெண்டாலும் தாறார். வழக்குக் கிழக்கெண்டு அலைய எனக்கு ஏலாது."

அவருடைய களைப்பு எனக்கு விளங்கியது. எங்கள் பெண்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே களைத்தவர்கள். ஆனால் மற்றக் கடுதாசிகளில் அவர் தனக்கு வரவேண்டியதைக் கேட்டுக் கையெழுத்து வைத்தார். இந்தக் கடுதாசியில் வைத்தால், தனக்கு வரவேண்டியதை விட்டுக்கொடுத்துக் கையெழுத்து வைக்கிறார். இந்த வேறுபாட்டை அவருக்கு விளங்கப்படுத்த எனக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. காலுக்குள் தகடு வைப்பார்களா, எத்தனை மாதம் நடக்க முடியாது, பசுக்களை யார் பார்ப்பது என்று எதுவுமே தெரியாத மூன்றாம் நாளில் ஒருவராலும் அந்தக் காலின் விலையைச் சொல்ல முடியாது.

கடைசியில் அவர் காசை வாங்கினார். வாங்குவது குற்றமல்ல. ஆனால் வேறொரு தாளில், 'மருத்துவச் செலவுக்கான உதவியாக 25,000 ரூபா பெற்றுக்கொண்டேன். இது இறுதித் தீர்வு அல்ல' என்று எழுதி, திகதி போட்டு, இருவரும் ஒப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டார்கள். உரிமையாளரும் மறுக்கவில்லை. இப்படி ஒரு வழி இருக்கிறதென்று அவருக்கும் அதுவரை தெரிந்திருக்கவில்லை.

விழுந்த இடத்தில்

முதலில் உயிர். 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் 'சுவசெரிய' அம்புலன்ஸ் இலவசமாக வரும். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இச்சேவை 2018 இல் வடக்குக்கும் வந்தது. விழுந்தவரைக் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கி ஓட்டோவுக்குள் மடித்து ஏற்றுவது எங்கள் ஊர் வழக்கம். முள்ளந்தண்டு அடிபட்டிருந்தால் அந்த உதவியே ஆளை எழும்ப முடியாமல் செய்துவிடும். மூச்சு எடுக்கிறார் என்றால் ஹெல்மெட்டை இழுத்துக் கழற்ற வேண்டாம். தண்ணீர் பருக்க வேண்டாம். இரத்தம் ஓடுமிடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். தலையில் அடிபட்டவர் வீட்டுக்கு வந்தபின் வாந்தி எடுத்தால், தலையிடி கூடினால், நித்திரை மயக்கமாகவே இருந்தால் அடுத்த நாள் வரை பார்த்திருக்காமல் உடனே திரும்பக் கொண்டுபோங்கள்.

உயிருக்குப் பயமில்லை என்றால் ஐந்து நிமிடம் மற்றதைப் பாருங்கள். மோதிய வாகனத்தின் இலக்கம், சாரதியின் பெயர், காப்புறுதிக் கொம்பனியின் பெயர் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். விபத்து நடந்தால் சாரதி வாகனத்தை நிறுத்த வேண்டும், தன் விபரங்களைக் கொடுக்க வேண்டும், பொலிசுக்கு அறிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம் அவர்மீது சுமத்தியிருக்கும் கடமை. ஆகவே விபரம் கேட்பது சண்டித்தனம் இல்லை. கைத்தொலைபேசி இருந்தால் வாகனங்கள் நின்ற நிலையையும், பிறேக் அடித்த தடத்தையும், இலக்கத் தகட்டையும் படமெடுங்கள். பக்கத்தில் நின்று கண்ட இரண்டு பேரின் தொலைபேசி இலக்கத்தைக் கேளுங்கள். அருகில் கமரா பூட்டிய கடை இருந்தால் அதைப் பொலிசாரிடம் முதல் நாளே சொல்லுங்கள். அந்தப் பதிவுகள் பல நாட்கள் நிற்பதில்லை, மேலே மேலே அழிந்துவிடும்.

வைத்தியசாலையில் சொல்லும் முதல் வார்த்தை

இன்னொரு தங்கச்சியின் கதை. அவளிடம் சாரதி அனுமதிப்பத்திரம் இல்லை. வான் ஒன்று பின்னால் வந்து இடித்தது. பொலிஸ் வந்தால் தன்னைப் பிடிக்கும் என்ற பயத்தில், அனுமதிக்கும்போது "வளவுக்குள்ள வழுக்கி விழுந்தனான்" என்று சொன்னாள். அப்படியே எழுதப்பட்டது. தோள்மூட்டு பழையபடி இயங்காது என்று பிறகுதான் தெரிந்தது. நட்டஈடு கேட்கப் போனபோது வைத்தியசாலைப் பதிவேடே அவளுக்கு எதிரான சாட்சியாக நின்றது.

அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓடுவது குற்றம், அதற்குத் தண்டப்பணம் உண்டு. ஆனால் அது வேறு, விபத்துக்கு யார் காரணம் என்பது வேறு. பத்திரம் இல்லாதவரைப் பின்னால் வந்து இடித்தாலும் இடித்தவரின் கவனயீனம் கவனயீனமே. உங்களிலும் கொஞ்சம் பிழை இருந்தால்கூட உரிமை முழுதாக இல்லாமல் போகாது. 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, நீதிமன்றம் இரு பக்கத்துப் பிழையையும் நிறுத்துப் பார்த்து, உங்கள் பங்குக்கு ஏற்ப நட்டஈட்டைக் குறைக்கும்.

ஆகவே அனுமதிக்கும்போது உண்மையைச் சொல்லுங்கள். எந்த வாகனம், எந்த இடம், எத்தனை மணி என்று சொல்லுங்கள். பெரிய வைத்தியசாலைகளில் பொலிஸ் காவலரண் இருக்கும். அங்கே விபத்து பதியப்பட்டதா என்று கூட வந்தவரை விட்டுக் கேளுங்கள். பொலிசார் தரும் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்தின் பேரில் சட்ட வைத்திய அதிகாரி உங்கள் காயங்களைப் பார்த்துப் பதிவார். பிற்காலத்தில் உங்கள் காயத்துக்காகப் பேசப்போவது அந்த அறிக்கைதான். அவர் பார்க்க முதல் துண்டு வெட்டுகிறார்கள் என்றால், "சட்ட வைத்திய அதிகாரி என்னை இன்னும் பார்க்கேல்லை" என்று தாதியிடம் வாய்திறந்து சொல்லுங்கள். வீட்டுக்கு வரும்போது தரும் நோய்விபர அட்டையையும் எக்ஸ்றே படங்களையும் கொப்பிப் பைக்குள் கசங்கவிடாமல் தனியாக ஒரு ஃபைலில் வையுங்கள்.

பொலிஸ் நிலையத்தில்

காக்கிச் சட்டையைக் கண்டால் நெஞ்சு பதறுகிறது என்று சொல்லும் பெண்கள் எங்களிடம் இன்னும் வருகிறார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு, அதை நான் சிறிதாக்கவில்லை. தனியாகப் போகப் பயமென்றால் உறவினரையோ, மாதர் சங்கத் தலைவியையோ, சமூக உத்தியோகத்தரையோ கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் எழும்ப முடியாமல் கிடந்தால் உங்களுக்காக வேறொருவர் முறைப்பாடு செய்யலாம். வாக்குமூலம் எடுக்கப் பொலிசார் வார்ட்டுக்கு வருவார்கள்.

வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி. அரசியலமைப்பே அதைச் சொல்கிறது. வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. எழுதி முடித்ததும் அதை வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். வேறு மொழியில் எழுதியிருந்தால், அதைத் தமிழில் விளங்கப்படுத்தி, நீங்கள் சொன்னதுதான் அதில் இருக்கிறதென்று நிச்சயமான பிறகே ஒப்பமிடுங்கள். ஒரு பெண்ணின் வாக்குமூலத்தில், அவர் 'இடது பக்கத்தால் போனேன்' என்று சொன்னது 'வீதியைக் கடந்தேன்' என்று எழுதப்பட்டிருந்தது. வாசித்துக் காட்டச் சொன்னதால்தான் அது தெரியவந்தது. அந்த உத்தியோகத்தர் முகம் சுளிக்காமல் திருத்தி எழுதினார். கேட்டதால் திருந்தியது, அவ்வளவுதான்.

முறைப்பாட்டு இலக்கம், திகதி, பதிந்தவரின் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு வாருங்கள். பின்னர் கட்டணம் செலுத்தி அதன் பிரதியைப் பெறலாம். மோதிய வாகனத்தின் காப்புறுதி விபரத்தையும் பொலிசாரிடம் கேட்டு வாங்குங்கள். உங்கள் வண்டியை மோட்டார் வாகனப் பரிசோதகர் பார்க்க முதல் கராஜில் விட்டுத் திருத்த வேண்டாம். உடைந்த மட்காட்டும் வளைந்த முன்சில்லும் எந்தப் பக்கத்தால் அடிபட்டது என்பதைச் சொல்லும். கடிதம் எழுதியும் ஓர் அலுவலகம் மறுமொழி தரவில்லை என்றால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தங்கள் முடிவைச் சொல்ல வேண்டும்.

இரண்டு நீதிமன்றம், இரண்டு வருடம்

எங்கள் பெண்கள் அதிகம் இழப்பது இந்த இடத்தில்தான். அதனால் ஆறுதலாக வாசியுங்கள்.

விபத்துக்குப் பிறகு பொலிசார் சாரதிக்கு எதிராக நீதவான் நீதிமன்றத்தில் வழக்குப் போடுவார்கள். அது அரசாங்கம் நடத்தும் குற்ற வழக்கு. சாரதி குற்றவாளி என்று கண்டால் தண்டப்பணம் விதிக்கலாம், அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்தலாம், மரணம் நேர்ந்திருந்தால் சிறைத்தண்டனையும் உண்டு. தண்டப்பணம் அரசாங்கத்துக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்குக் கொஞ்சம் நட்டஈடு கொடுக்கும்படி நீதவான் கட்டளையிடலாம். ஆனால் உங்கள் முழு இழப்பையும் கணக்குப் பார்த்து வாங்கித் தருவது அந்த வழக்கின் வேலை இல்லை.

முழு நட்டஈடு வேண்டுமானால், காப்புறுதிக் கொம்பனியோடு பேசித் தீர்க்க வேண்டும். அது சரிவராவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் நீங்களே சிவில் வழக்குத் தொடர வேண்டும். அந்த வழக்கை விபத்து நடந்து 2 வருடங்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் வைத்த எல்லை அது.

முல்லைத்தீவுப் பக்கத்தில் ஒரு சகோதரி ஒவ்வொரு தவணைக்கும் ஒழுங்காக நீதவான் நீதிமன்றம் போனார். பஸ் காசுக்குக் கோழி விற்றார். இரண்டு வருடமும் சில மாதங்களும் கழிந்தபின் சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டிவிட்டுப் போனார். "இப்ப எனக்குரியது எப்ப வரும்?" என்று கேட்டுக்கொண்டு எம்மிடம் வந்தார். "வழக்கு நடக்குதுதானே எண்டு இருந்திட்டன்" என்றார். அந்த வழக்கு அவருடையதல்ல என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவருடைய வழக்குக்குரிய காலம் ஏற்கெனவே முடிந்திருந்தது.

குற்ற வழக்கு முடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். துண்டு வெட்டி வந்த மாதமே சட்டத்தரணி ஒருவரைச் சந்தியுங்கள். கையில் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்படுத்தப்பட்ட அரச நிறுவனம் அது. வருமானம் குறைந்தவர்களுக்கு அதன் சட்டத்தரணிகள் இலவசமாக ஆலோசனை சொல்வார்கள், வழக்கும் பேசுவார்கள். உங்களுக்குக் கிட்டிய அலுவலகம் எங்கே என்று தெரியாவிட்டால் 1919 என்ற அரச தகவல் நிலைய இலக்கத்துக்கு எடுத்துத் தமிழிலேயே கேட்கலாம்.

காப்புறுதி என்பது யாருக்கு?

வீதியில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் வாகனத்துக்கும் மூன்றாந்தரப்புக் காப்புறுதி கட்டாயம். உங்களுக்குக் காயம் விளைவித்த வாகனத்தின் காப்புறுதிக் கொம்பனியே உங்கள் நட்டஈட்டைக் கொடுக்கும் பொறுப்பில் இருக்கிறது. "அந்தச் சாரதிப் பொடியனும் கஷ்டப்பட்டவன், அவனிட்டை எப்பிடிக் கேக்கிறது?" என்று இரங்கும் பெண்களைக் கண்டிருக்கிறேன். இரக்கம் நல்லது. ஆனால் நட்டஈட்டைக் கொம்பனி கொடுப்பதற்காகத்தான் வாகன உரிமையாளர் வருடாவருடம் காசு கட்டுகிறார். வழக்குப் போடுவதானால், அதற்கு முன்னரோ போட்டு 7 நாட்களுக்குள்ளோ கொம்பனிக்கு அறிவித்தல் போகவேண்டும். அதைச் செய்தாயிற்றா என்று உங்கள் சட்டத்தரணியிடம் ஞாபகப்படுத்துங்கள்.

உங்கள் வண்டிக்கு நீங்கள் கட்டியது வெறும் மூன்றாந்தரப்புக் காப்புறுதி என்றால் உங்கள் சொந்தக் காயத்துக்கும் வண்டியின் சேதத்துக்கும் அதில் ஒன்றும் கிடைக்காது. பின்னால் இருந்து வருபவருக்குப் பாதுகாப்பு உண்டா என்பதும் பத்திரத்துக்குப் பத்திரம் வேறுபடும். அதை இன்றே எடுத்து வாசியுங்கள். லீசிங்கில் எடுத்த வண்டி என்றால், அது உடைந்து கிடந்தாலும் தவணை ஓடிக்கொண்டே இருக்கும். விபத்தை உடனே கொம்பனிக்கு எழுத்தில் அறிவித்து, தவணையைப் பிற்போட முடியுமா என்று கேளுங்கள்.

மோதிய வாகனம் நிற்காமல் ஓடி, கண்டுபிடிக்க முடியாமல் போனாலும் ஒரு வழி உண்டு. தேசிய வீதிப் பாதுகாப்புச் சபையில் அப்படிப்பட்டவர்களுக்கென்று ஒரு நிதி இருக்கிறது. பொலிஸ் அறிக்கையோடு விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே "வாகனம் ஓடீட்டுது, பொலிசில சொல்லி என்ன?" என்று இருந்துவிட வேண்டாம். மோதியது படையினரின் அல்லது வேறு அரச திணைக்களத்தின் வாகனம் என்றாலும் நட்டஈடு கேட்கலாம். சட்ட மா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்த பின்னரே அந்த வழக்கைத் தொடரலாம். எனவே அந்த ஒரு மாதத்தையும் இரண்டு வருடக் கணக்குக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போகும்போது அல்லது வேலை முடிந்து வரும்போது விபத்து நடந்ததா? 2022 இல் செய்த திருத்தத்தின் பின் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் அந்தப் பயணத்தையும் உள்ளடக்குகிறது. தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் சம்பளத்துக்கு வேலை செய்யும் சகோதரிகள் இதை மறக்க வேண்டாம்.

பால் கொப்பியும் சாட்சிதான்

நட்டஈடு கேட்கும்போது "உமக்கு மாதம் எவ்வளவு வருமானம்?" என்ற கேள்வி வரும். எங்கள் பெண்களிடம் சம்பளச் சிட்டை இருப்பதில்லை. "நான் சும்மா வீட்டில இருந்து மாடு வளக்கிறனான்" என்று தங்கள் உழைப்பைத் தாங்களே சும்மாவாக்கிவிடுவார்கள். முன்பு சொன்ன அக்காவுக்குக் கைகொடுத்தது பால் சேகரிக்கும் நிலையத்தில் தந்த சிறிய கொப்பி. எந்தத் திகதி எத்தனை லீற்றர், எவ்வளவு காசு என்று இரண்டு வருடக் கணக்கு அதில் இருந்தது. விபத்து நடந்த நாளோடு பதிவு நிற்கிறது. பிறகு நான்கு மாதம் வெற்றுப் பக்கம். அந்த வெற்றுப் பக்கங்களே அவருடைய இழப்பைக் காட்டின.

உங்களிடமும் இப்படி ஏதாவது இருக்கும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சேமிப்புப் புத்தகம், வெங்காயத் தோட்டக்காரர் நாட்கூலி எழுதும் துண்டு, தையல் ஓடர் கொப்பி, கிராம உத்தியோகத்தர் தரும் வருமானக் கடிதம் எல்லாம் பயன்படும். விபத்து நடந்த நாளிலிருந்து ஒரு கொப்பி போடுங்கள். கிளினிக்குக்குப் போன ஓட்டோக் காசு, வெளியில் வாங்கிய மருந்து, ஊன்றுகோல், மாட்டைப் பார்க்க வந்தவருக்குக் கொடுத்த கூலி என்று பத்து ரூபாவானாலும் எழுதி, பற்றுச்சீட்டை அதிலேயே ஒட்டுங்கள். காயம் நிரந்தர இயலாமையை ஏற்படுத்தியிருந்தால் பிரதேச செயலகத்தின் சமூக சேவைப் பிரிவில் வலுவிழந்தோருக்கான உதவிகள் பற்றியும் கேளுங்கள். அதைப் பெறுவதால் நட்டஈட்டு உரிமை போய்விடாது.

உயிர் போய்விட்டால்

இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் எழுதாமல் விட முடியாது. விபத்தில் ஒருவர் இறந்தால் பிரேத பரிசோதனையும் திடீர் மரண விசாரணையும் நடக்கும். "வெட்டாமல் தாங்கோ" என்று உறவினர்கள் மன்றாடுவதைக் கண்டிருக்கிறேன். ஏற்கெனவே உடல்களைக் காணாமலும் அடக்கம் செய்யாமலும் விட்டுவந்த சனத்துக்கு அது தாங்க முடியாததுதான். ஆனால் இறப்புக்கான காரணம் எழுத்தில் பதியப்படுவது அங்கேதான். அடுத்து வரும் ஒவ்வொரு படிக்கும் அது வேண்டும். விசாரணையில் மனைவியையோ தாயையோ கேட்கும்போது, இறந்தவரின் உழைப்பில் யார் யார் வாழ்ந்தார்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். தங்கி வாழ்ந்த மனைவியும் பிள்ளைகளும் நட்டஈடு கேட்க உரித்துடையவர்கள். அவர் ஊழியர் சேமலாப நிதி கட்டும் வேலையில் இருந்தாரானால் அந்தப் பணத்துக்கும் விண்ணப்பியுங்கள்.

யுத்தகாலத்தில் வன்னியில் திருமணம் செய்த பலரிடம் பதிவுச் சான்றிதழ் இல்லை. அதனால் ஒன்றும் கிடைக்காது என்று ஒதுங்கிவிட வேண்டாம். சம்பிரதாயப்படி நடந்த திருமணத்தைச் சாட்சிகளாலும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களாலும் நிரூபிக்க இடமுண்டு. சட்டத்தரணியிடம் உண்மையைச் சொன்னால் அவர் வழி பார்ப்பார். இருவரும் உயிரோடு இருக்கும்போதே பதிந்துவிடுவது அதைவிட நல்லது.

அந்தப் பால்கார அக்காவின் விடயம் பதினான்கு மாதங்களின் பின், வழக்குப் போகாமலே, சட்டத்தரணியின் கடிதப் போக்குவரத்தோடு காப்புறுதிக் கொம்பனியால் தீர்க்கப்பட்டது. கிடைத்தது பெரும் செல்வம் அல்ல. நிலுவைத் தவணைகளைக் கட்டி, விற்ற பசுவுக்குப் பதில் ஒரு நாகு வாங்கி, மூத்தவளின் ரியூசன் காசையும் கொடுக்க அது போதுமாயிருந்தது. கால் கொஞ்சம் இழுத்துத்தான் நடக்கிறார். தீர்வுக் கடிதத்தில் ஒப்பமிட்ட அன்று ஒவ்வொரு வரியையும் விரல் வைத்து வாசித்தார். இரண்டு இடத்தில் நிறுத்தி விளக்கம் கேட்டார். சட்டத்தரணி பொறுமையாகச் சொன்னார்.

சகோதரிகளே, இதற்கு விபத்து நடக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் வண்டி இன்னும் பழைய உரிமையாளரின் பெயரிலோ, காணாமற்போன கணவரின் பெயரிலோ இருக்கிறதா? அதை எப்படி ஒழுங்குபடுத்துவதென்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். காப்புறுதிப் பத்திரமும் வருமான அனுமதிப்பத்திரமும் எத்தனையாம் திகதி முடிகின்றன என்று பாருங்கள். அனுமதிப்பத்திரம் இல்லாதவர்கள் எடுக்கும் வழியைப் பாருங்கள். பின்னால் இருக்கும் பிள்ளைக்கும் ஹெல்மெட் வாங்குங்கள், அதன் பட்டியைப் பூட்டுங்கள். ஒரு சிறிய தாளில் உங்கள் பெயர், இரத்த வகை, வீட்டாரின் தொலைபேசி இலக்கம், 1990 ஆகியவற்றை எழுதிக் கைப்பையில் வையுங்கள். எந்தக் கடுதாசி வந்தாலும், எவ்வளவு மரியாதையான மனிதர் கொண்டுவந்தாலும், "வைச்சிட்டுப் போங்கோ, வாசிச்சுப் போட்டுச் சொல்லுறன்" என்று சொல்லப் பழகுங்கள். அப்படிச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.